நாய்க் கழிவு: எங்கே போடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

நாயைத் தெருவில் கூட்டிப்போனால், அது போனதை எடுக்க வேண்டியது கூட்டிப்போனவர்தான். இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. எடுப்பது என்று முடிவான பிறகு வரும் கேள்விகளுக்குத்தான் ஆளுக்கொரு பதில் இருக்கிறது. பழைய செய்தித்தாள் போதும் என்கிறார் ஒருவர். ஆன்லைனில் விற்கும் மக்கும் பை ரோல்தான் சரி என்கிறார் இன்னொருவர். நீளக் கைப்பிடி வைத்த அள்ளுகரண்டியை வாங்கிவிட்டு, அதைக் கழுவ இடமில்லாமல் பால்கனியில் சாத்தி வைத்திருப்பவர்களும் உண்டு. எடுத்ததைக் குப்பையில் போடுவதா, கழிப்பறையில் கொட்டுவதா, மண்ணில் புதைப்பதா என்பது அடுத்த குழப்பம்.

நம்மில் பலர் எதில் எடுப்பது என்பதிலிருந்து யோசிக்கத் தொடங்குகிறோம். நான் தலைகீழாக யோசிக்கச் சொல்வேன். அந்தக் கழிவு கடைசியில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், எதில் எடுப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும். சென்னையை வைத்து எழுதுகிறேன். கோவையிலோ மதுரையிலோ இருப்பவர்கள் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

அதற்கு முன், வழக்கமாக வரும் இரண்டு பேச்சுகளை முடித்துவிடலாம். "தெருநாய் போகிறதே, அதை யார் அள்ளுகிறார்கள்?" தெருநாய்க்குப் பின்னால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு யாரும் நடந்து வருவதில்லை. நம் நாய்க்குப் பின்னால் நாம் நடக்கிறோம். அடுத்தது, "மண்ணுக்கு உரம்தானே?" மாட்டுச் சாணத்தோடு இதைச் சேர்த்துப் பேச முடியாது. நாய் கறியும் முட்டையும் பெடிகிரியும் தின்கிற விலங்கு. அதன் குடலில் மனிதரைத் தொற்றக்கூடிய புழுக்கள் இருக்கலாம்.

அந்தப் புழுக்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும். டாக்ஸோகாரா என்று ஓர் உருண்டைப் புழு. குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போதே அதற்குத் தொற்றிவிடக்கூடியது. இதன் முட்டைகள் மலத்தோடு வெளியே வரும்போது உடனே தொற்றாது. மண்ணில் 2 முதல் 4 வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். அப்படி வந்தபின் ஆண்டுக்கணக்கில் மண்ணிலேயே உயிரோடு இருக்கும். மலம் காய்ந்து, தூளாகி, மழையில் கரைந்து கண்ணுக்கு மறைந்தாலும் முட்டை மறைவதில்லை. அதே மண்ணில் விளையாடிய குழந்தை கையை வாயில் வைத்தால் போதும். கொக்கிப் புழு இன்னும் வேகமானது. ஓரிரு நாளில் குஞ்சு பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகத் தயாராகிவிடும். பாதத்தில் அரிப்போடு சிவப்பாக வளைந்து வளைந்து ஒரு கோடு நகர்கிறதே, அது இதன் வேலைதான். காலையில் செருப்பில்லாமல் வாசலில் கோலம் போடுகிறோம், கோயில் வீதியைச் சுற்றுகிறோம், பெசன்ட் நகர் கடற்கரை மணலில் குழந்தைகளை இறக்கிவிடுகிறோம். நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

இதில் நல்ல செய்தியும் ஒன்று இருக்கிறது. இந்த இரண்டு புழுவைப் பொறுத்தவரை புதிதாகக் கிடக்கும் மலம் ஆபத்தானதல்ல, ஆறப்போட்ட மலம்தான் ஆபத்து. எனவே உடனே எடுப்பதும், எடுத்ததைப் பையில் கட்டி நாள்கணக்கில் பால்கனி மூலையில் சேர்த்து வைக்காமல் இருப்பதும்தான் முக்கியம். கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு மாத்திரை கொடுத்து வருவதும் இதே பொறுப்பின் ஒரு பகுதிதான்.

எங்கே போடுவது

மிக மோசமான இடம் மழைநீர் வடிகால். கழிவைக் காகிதத்தில் எடுத்து, நாலு அடி நடந்து, வடிகாலின் சல்லடை மூடி வழியாக உள்ளே தள்ளிவிட்டுப் போகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எடுத்துவிட்டோம் என்ற திருப்தி அவர்கள் முகத்தில் தெரிகிறது. ஆனால் மழைநீர் வடிகால் கழிவுநீர்க் குழாய் இல்லை. அதில் போனது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போய்க் கடலில் சேரும். வடகிழக்குப் பருவமழையில் வடிகால் நிரம்பினால் அதே தண்ணீர் நம் தெருவுக்குத் திரும்பி வரும், முழங்கால் ஆழத்தில் அதில்தான் நடப்போம். மழைக்கு முன்னால் தூர்வார இறங்குகிறவரையும் நினைத்துப் பாருங்கள். காலி மனையில் வீசுவதும் இதே ரகம்தான். இந்த இரண்டையும் ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன்.

அடுத்தது வீட்டுக் குப்பை. பலரும் செய்வது இதுதான். அதில் என்ன நடக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தால் மனம் மாறும். காலையில் பேட்டரி வண்டி வருகிறது. தூய்மைப் பணியாளர் அக்கா வாசல் வாசலாக வாளியை வாங்கி, மக்கும் குப்பையை ஒரு தொட்டியிலும் மக்காததை இன்னொன்றிலும் கொட்டுகிறார். நடுவில் இறுக்கி முடிச்சுப் போட்ட ஒரு கறுப்புப் பை. உள்ளே காய்கறித் தோலாக இருந்தால் பையைத் தனியாகப் பிரிக்க வேண்டும், அது அவர் வேலை. முடிச்சு அவிழவில்லை என்றால் விரலை விட்டுக் கிழிக்கிறார். கையுறை சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. நாம் சுத்தமாகக் கட்டிக் கொடுத்ததாக நினைத்த பையை ஒருவர் தன் கையால் திறக்கிறார். பூங்காவில் நம் கையில் படாமல் எடுத்தது அவர் கையில் படுகிறது.

ஈரக் குப்பையோடு கலந்து போட்டாலும் சிக்கல்தான். ஈரக் குப்பை நுண்ணுர மையத்துக்குப் போனால், அங்கேயும் மனிதர்கள்தான் அதைக் கிளறுகிறார்கள். அப்படி ஆன உரம் யாரோ ஒருவர் தோட்டத்துக்குப் போகும். பிரிக்காத குப்பை கொடுங்கையூர் அல்லது பெருங்குடி குப்பைக் கிடங்குக்குப் போகும். பெருங்குடிக் கிடங்கு, 2022இல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது.

அதற்காகக் குப்பையில் போடவே கூடாது என்று சொல்லவில்லை. வேறு வழி இல்லாதவர்கள் போடத்தான் வேண்டும். எப்படிப் போடுவது என்பதில் கவனம் இருக்கட்டும். திடக்கழிவு மேலாண்மை விதிகள் டயப்பரையும் நாப்கினையும் நன்றாகச் சுற்றி, ஈரக் குப்பையோடு சேர்க்காமல் தரச் சொல்கின்றன. நாய்க் கழிவையும் அப்படியே நடத்துங்கள். தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டு, டயப்பரோடு தனியாகக் கொடுங்கள். முதல் தடவை வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "அக்கா, இதுல நாய்க் கழிவு இருக்கு, பிரிக்காதீங்க." அந்த ஒரு வாக்கியம் எந்தப் பையையும்விடப் பெரிய பாதுகாப்பு.

பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள வீட்டுக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி, கழிப்பறை. முதலில் கேட்கும்போது பலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் மலம் போய்ச் சேரவென்றே கட்டிய பாதை அது ஒன்றுதான். நம்முடையது எந்த வழியாக கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடிச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறதோ அதே வழியாக இதுவும் போகும். நடுவில் யார் கையும் படாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் பையில்லாமல் கழிப்பறையில் கொட்டுவதை ஒரு நல்ல வழியாகவே சொல்கிறது. மலத்தை மட்டும் கொட்ட வேண்டும். தாள், இலை, மண், மக்கும் பை எதுவும் உள்ளே போகக் கூடாது, வளைவில் நின்று அடைத்துக்கொள்ளும். காலியான தாளை மடித்து மேலே சொன்னபடி தனிக் குப்பையில் சேர்க்கலாம்.

செப்டிக் டேங்க் உள்ள புறநகர் வீடுகளில் மண்ணும் ரோமமும் அடியில் தங்கும். ஒரு நாய் என்றால் சமாளிக்கலாம், மூன்று நான்கு நாய் என்றால் வேண்டாம். அடுக்ககத்துக்குச் சொந்தமாகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் அதைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இது நாய்க்கு மட்டும் பொருந்தும். பூனைக் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்ற வேறு ஒட்டுண்ணி வரக்கூடும் என்பதால் அதைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள்.

சொந்த மண் இருக்கிறவர்களுக்குக் குழி. வீட்டைச் சுற்றி இடம் உள்ள தாம்பரம், மாதவரம் பக்கத்து வீடுகளுக்கு நான் கழிப்பறையைவிட இதையே சொல்வேன். ஓர் அடிக்குக் குறையாத ஆழம், ஒவ்வொரு முறையும் மேலே மண், குழந்தைகள் விளையாடாத மூலை. கிணறு, போர்வெல், கீரைப் பாத்தி மூன்றுக்கும் நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். தென்னை, வேம்பு போன்ற பெரிய மரத்துக்குப் பக்கத்தில் தோண்டினால் நல்லது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்துக்கு ஏறிவிடும் பகுதிகளில் குழி வேண்டாம், அந்த மாதங்களில் மட்டுமாவது வழியை மாற்றிக்கொள்ளுங்கள்.

மாடித் தோட்டக்காரர்கள் உரமாக்கலாமா என்று கேட்பார்கள். அமெரிக்காவின் அலாஸ்காவில் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களைக் கூட்டமாக வளர்ப்பவர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். மரத்தூள் கலந்து பெரிய குவியலாகப் போட்டு, வெப்பமானியைக் குத்திப் பார்த்து, 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு ஏறும்படி கிளறி விடுகிறார்கள். டாக்ஸோகாரா முட்டை சாவதற்கு அந்தச் சூடு பல நாள் நீடிக்க வேண்டும். நம் பால்கனியில் இருக்கும் மண்பானை உரத்தொட்டியில் அவ்வளவு சூடு வராது. அவ்வளவு கழிவைக் கொடுக்க ஒரு நாயாலும் முடியாது. கத்தரிக்கும் தக்காளிக்கும் போகிற உரத்தில் இதைச் சேர்க்க வேண்டாம்.

எதில் எடுப்பது

இடம் முடிவாகிவிட்டால் கருவி எளிது. கழிப்பறைக்கோ குழிக்கோ போகப்போகிறது என்றால் பை தேவையே இல்லை, தாள் போதும். தாளில் எடுத்ததை அப்படியே சரித்துக் கொட்டலாம். பையில் எடுத்தால் அதை அவிழ்த்து, உதறி, கையில் பூசிக்கொண்டு அவதிப்பட வேண்டும்.

செய்தித்தாளை நீட்டுவதற்கு ஒரு நேரம் இருக்கிறது. நாய் மோப்பம் பிடித்துக்கொண்டே இரண்டு மூன்று தடவை வட்டமடிக்கும், பிறகு முதுகை வளைத்து உட்காரும். அந்த நொடியில் நாலாக மடித்த அரைத் தாளைப் பின்னால் நீட்டிவிட வேண்டும். மலம் தரையைத் தொடவே தொடாது. தார் ரோட்டில் கறை இல்லை, துடைக்க வேண்டியதில்லை, அதன்மேல் ஊற்றத் தண்ணீரும் வேண்டாம். கூச்ச சுபாவம் உள்ள நாய்கள் முதலில் எழுந்து நகர்ந்து போகும். சத்தமில்லாமல், அதன் கண்ணில் படாமல் நீட்டினால் சில நாளில் பழகிவிடும். நடுத்தரமான நாட்டு நாய்களுக்கும் சிப்பிப்பாறை மாதிரி உயரமான நாய்களுக்கும் இது மிக வசதி. குட்டையான டாக்‌ஷண்ட், பக் போன்றவற்றுக்கு அடியில் தாள் போக இடம் இருக்காது. அவற்றுக்குப் போன பிறகு எடுப்பதுதான் வழி.

பேப்பர் வாங்காத வீடுகள் இப்போது நிறைய. கூரியரில் வரும் அட்டைப் பெட்டியை உள்ளங்கை அளவுக்கு இரண்டு துண்டாக வெட்டிக்கொண்டால் அள்ளுவதற்குத் தாளைவிட நன்றாக இருக்கும். சென்னைத் தெருக்களில் வாதாம் மரம் நிறைய நிற்கிறது. அதன் உதிர்ந்த இலை அகலமாக, தடிப்பாக இருக்கும். கையில் எதுவும் இல்லாமல் மாட்டிக்கொண்ட நேரத்தில் இரண்டு வாதாம் இலை காரியத்தை முடித்துவிடும்.

பிளாஸ்டிக் பையின் பலம் வேறு: நாற்றம் வெளியே வராது, பையில் போட்டுக்கொண்டு வெகுதூரம் நடக்கலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தூக்குப் பைகளுக்குத் தடை இருப்பதால், இதற்கென்று புதிதாகப் பை தேடி வாங்குவதை நான் ஏற்க மாட்டேன். பிரெட் கவர், ரவை பாக்கெட், சிப்ஸ் பாக்கெட் என்று எப்படியும் வீட்டுக்கு வந்துவிட்ட உறைகள் இருக்கின்றன. கையுறை மாதிரி மாட்டி எடுத்து, உள்ளே வெளியாகத் திருப்பி முடிச்சுப் போடலாம். ஆனால் இந்தப் பை போகக்கூடிய இடம் தனிக் குப்பை மட்டும்தான். கட்டிய பையை மரத்தடியில் வைத்துவிட்டுத் "திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம்" என்று போய் மறந்துவிடுகிறவர்கள், எடுக்காமலே போகிறவரைவிட அதிகக் கெடுதல் செய்கிறார்கள். மலம் மட்டும் கிடந்தால் சில வாரத்தில் கண்ணை விட்டாவது மறையும். பைக்குள் கிடந்தால் அப்படியே இருக்கும்.

மக்கும் பை என்று விற்பவை மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வாங்குவதென்றால் 'பயோடிகிரேடபிள்' என்ற வார்த்தையைப் பார்த்து வாங்காதீர்கள். 'கம்போஸ்டபிள்' என்று போட்டு, ஐஎஸ் 17088 தரமும் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி உண்மையான பையாக இருந்தாலும், அது மக்குவதற்குத் தொழிற்சாலை அளவிலான உரக்கூடத்தின் சூடு வேண்டும். கொடுங்கையூர் மேட்டில் புதைந்தால் அந்தச் சூடு கிடைக்காது. நல்ல விலை கொடுத்து, மற்றக் குப்பையோடு சேர்த்துப் புதைக்கத்தான் வாங்குகிறோம். வெளியூர்ப் பயணம், கடற்கரை, பூங்கா என்று வீட்டை விட்டுத் தள்ளியிருக்கும் நேரத்துக்கு ஒரு ரோல் சங்கிலியில் தொங்கட்டும், அன்றாடத்துக்கு வேண்டாம்.

நீளக் கரண்டி யாருக்கு? குனிய முடியாதவர்களுக்கு. மூட்டு வலியோடு காலையில் நாயைக் கூட்டிப்போகிற பெரியவர்களைப் பார்த்து "குனிந்து எடுங்கள்" என்று சொல்வது நியாயமில்லை. அவர்களுக்கு இது வேண்டியதுதான். புல்லிலும் மண்ணிலும் நன்றாக அள்ளும், தார் ரோட்டில் கொஞ்சம் இழுத்துப் பூசும். கரண்டியின் வாயில் ஒரு தாளை விரித்து அள்ளினால் அது அழுக்காகாது, கழுவும் வேலையும் பாதி குறையும். கழுவுகிற தண்ணீர் கழிப்பறைக்குள் போக வேண்டும், வாசல் வழியாகத் தெருவுக்கு வரக் கூடாது.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அதன் மேல் பக்கத்து மண்ணையோ, கொண்டுபோன சாம்பல், மரத்தூளையோ தூவி ஒரு நிமிடம் விட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அட்டையால் வழித்து எடுத்துவிடலாம். குட்டிக்கு இரத்தத்தோடு போனால் பார்வோ வைரஸாக இருக்கலாம். அந்தக் கிருமி மாதக்கணக்கில் தரையில் தங்கும் என்பதால், தெருவில் இருக்கும் மற்றக் குட்டிகளை நினைத்து, குணமாகும் வரை வெளியே கூட்டிப்போகாதீர்கள்.

ஆக, பாதாளச் சாக்கடை உள்ள அடுக்ககத்தில் ஒரு நாயோடு இருப்பவருக்குத் தாளும் கழிப்பறையும். மண் உள்ள தனி வீட்டுக்குத் தாளோ தகர முறமோ, அப்புறம் குழி. இரண்டும் இல்லாத வாடகை வீட்டுக்கு, இரண்டு சுற்றுத் தாளில் குறி போட்டுத் தனிக் குப்பை. வெளியே போகும்போது பை. இதில் எதை எடுத்தாலும் செலவு பெரிதில்லை, எடுத்ததோடு வீடு வரை நடக்க மனம் வேண்டும்.

அடுக்ககச் சங்கம் என்ன செய்யலாம்

சங்கக் கூட்டத்தில் முதலில் எழும் யோசனை அபராதம். இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது: அரசுச் சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் குடியிருப்போர் சங்கம் தானாக அபராதம் விதிக்க முடியாது, எடுக்கும்படி கேட்டுக்கொள்ளலாம், தொட்டி வைத்துக் கொடுக்கலாம், வளர்ப்பவர்களோடு பேசி வழி காணலாம். நாயையே தடை செய்யும் அதிகாரமும் சங்கத்துக்குக் கிடையாது.

வேறு ஊர்களில் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள். பாரிஸ் நகரம் 1982இல் உறிஞ்சுகுழல் பொருத்திய மோட்டார் சைக்கிள்களை இறக்கி, மாநகராட்சிச் செலவிலேயே அள்ளியது. வளர்ப்பவர்கள் அள்ளும் பழக்கம் வரவில்லை, 2004இல் அந்த வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். நியூயார்க்கில் 1978 ஆகஸ்ட் 1 அன்று வளர்ப்பவரே அள்ள வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது, அந்தப் பழக்கம் அங்கே இன்றும் நிற்கிறது. இஸ்ரேலின் பெத்தா திக்வாவில் 2008இலும் பிரான்ஸின் பெசியேவில் 2023இலும் மலத்தை டிஎன்ஏ பரிசோதனை செய்து யார் நாய் என்று கண்டுபிடிக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். நம் சங்கங்களின் பணத்துக்கும் பக்கத்து வீட்டு உறவுக்கும் அது ஒத்துவராது. சிசிடிவி படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது ஒரு நாள் பலன் தரும், பிறகு வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் போகும். பாரிஸ் செய்ததைத்தான் பல அடுக்ககங்கள் தெரியாமலே செய்கின்றன: ஹவுஸ்கீப்பிங் அம்மா அள்ளிவிடுவார் என்று விட்டுவிடுவது. இதை முதலில் நிறுத்த வேண்டும்.

என்னைக் கேட்டால், வளாகத்தில் ஒரு மூலையில் மணல் கொட்டி நாய்களுக்கென்று ஒதுக்கி, பக்கத்தில் வெட்டிய அட்டைத் துண்டுகளும் மூடியுள்ள ஒரு தொட்டியும் வைக்கச் சொல்வேன். ஒதுக்கிய இடம் என்பதற்காக அங்கே விட்டுவிட்டுப் போகக் கூடாது, மணலிலும் உடனே எடுக்க வேண்டும். தொட்டியில் சேர்வதை அன்றன்றே கழிப்பறைக்கோ குழிக்கோ கொண்டுபோவது நாய் வளர்க்கும் வீடுகளின் முறைவேலை. எட்டு வீட்டில் நாய் இருந்தால் எட்டு நாளுக்கு ஒரு முறை வரும். யாருடைய நாய் என்று தெரியாமல் படிக்கட்டிலோ பார்க்கிங்கிலோ கிடப்பதையும் அன்று முறை உள்ள வீட்டுக்காரரே எடுக்க வேண்டும். தன் நாய் போகாததை இரண்டு முறை அள்ளியவர், மூன்றாம் முறை யார் நாய் என்று தானே கண்டுபிடித்து அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்.